நிவாரணம் கேட்காதவர்கள் பட்டியல்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னல் என்னுடையது. இருபத்தெட்டு வருஷமாக அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் நாகநாதனாகிய நான் உட்கார்ந்திருக்கிறேன். திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக்கொதிப்பு, யார் மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிடாமல் டப்பாவில் சேர்த்து வைக்கிறார்கள் என்பது வரை எனக்குத் தெரியும். எனக்கு முன்கோபம் அதிகம் என்பது அவர்களுக்கும் தெரியும். வரிசையில் குறுக்கே புகுந்தால் கத்துவேன். சீட்டை நீட்டாமல் வெறும் கையை நீட்டினால் இன்னும் கத்துவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் செம்மொழியைப் பற்றி நல்லபடியாகச் சொல்லப்போகிறேன், அப்படி ஒருவரைப் பற்றிச் சொல்வது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் மாதத் திங்கட்கிழமை அவள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். தோளில் லேப்டாப் பை, கையில் பல்கலைக்கழகக் கடிதம். ஊர் கீழப்படுகை, குடமுருட்டிக் கரை. என் ஊரும் அதுதான். அப்பா ஐயாவு, அம்மா அம்சம். அம்சம் என் அப்பா காலத்தில் எங்கள் வயலில் நடவு நட்டவள். இப்போது அவர்களே ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார்கள். அம்சம் என் அப்பாவை நிமிர்ந்து பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. மகள் என்னை நேராகப் பார்த்து, "வணக்கம் சார். வாரத்துல ரெண்டு நாள் இங்கதான் இருப்பேன். ஒரு மேசை கிடைக்குமா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

"என்னம்மா படிக்கிற?" என்று கேட்டேன்.

"மருத்துவ உளவியலும் பொது சுகாதாரமும் சார். ரெண்டும் சேத்து நாலு வருஷம், ரெண்டு பட்டம். இப்ப மூணாவது வருஷம்."

மனசைப் பார்ப்பது ஒரு படிப்பு, கொசுவையும் குடிதண்ணீரையும் பார்ப்பது இன்னொரு படிப்பு. இரண்டையும் ஒருத்தி எதற்குச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. "ஒரு காலு ஆஸ்பத்திரியில, ஒரு காலு வரப்புலன்னு வச்சா நடுவுல விழுந்துருவம்மா. பேசாம நர்சிங் படிச்சிருந்தா இந்நேரம் வெளிநாட்டுல இருந்திருக்கலாம்" என்றேன்.

அவள் சிரித்தாள். "வார்டுல ஒருத்தரோட ஒரு மணி நேரம் உக்காந்து பேசறேன் சார். அவரு எழுந்து ஊருக்குப் போறாரு. அவரு ஊர்ல அதே மாதிரி நாப்பது பேரு இருக்காங்க. அவங்க யாரும் வார்டுக்கு வரப்போறதில்ல. வந்த ஒருத்தர்கிட்ட பேசறதுக்கு ஒரு படிப்பு வேணும். வராத நாப்பது பேரக் கண்டுபிடிக்கறதுக்கு இன்னொரு படிப்பு வேணும்."

பதில் நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. உப்புக் கரைசல் பொட்டலப் பெட்டிகள் அடுக்கிவைத்திருக்கும் அறையில் ஒரு மேசையைக் காட்டினேன். அங்கே மின்விசிறி ஓடாது என்பதைச் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் அவளே ஓர் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து அதை ஓட வைத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பெண் ஓடிய ஓட்டத்தை நான் கண்ணால் பார்த்தேன். திங்கள், செவ்வாய் எங்கள் நிலையம். புதன் முதல் வெள்ளி வரை திருச்சியில் மனநல வார்டு. விடியற்காலை ஸ்கூட்டியைத் திருக்காட்டுப்பள்ளி பஸ் ஸ்டாண்டில் போட்டுவிட்டு பஸ் ஏறுவாள். சனிக்கிழமை முழுக்க வகுப்பு. மதியம் அம்சம் கட்டிக் கொடுத்த சோற்றை இடது பக்கம் திறந்து வைத்துக்கொண்டு வலது பக்கம் புள்ளியியல் கணக்குப் போடுவாள். பல நாள் சோறு அப்படியே இருக்கும். "சோத்தத் தின்னுட்டு அப்பறம் கணக்கப் போடு" என்று நான் கத்துவதும் வழக்கமாகிவிட்டது.

அவளுக்குத் தொழில் தெரியும் என்பதை எனக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு வலி மாத்திரை. செவ்வாய்தோறும் உடம்பு வலி என்று வருகிற ஒரு பெண்மணி உண்டு. நானும் இரண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டே மாத்திரை கொடுத்துவந்தேன். செம்மொழி ஒருநாள் அவளைத் தன் அறையில் உட்கார வைத்து, "எப்பலேர்ந்துக்கா வலிக்குது?" என்று மட்டும் கேட்டாள். நாற்பது நிமிஷம் கதவு திறக்கவில்லை. அதன் பிறகு அந்தப் பெண்மணி மாதம் ஒருமுறைதான் வந்தாள், அதுவும் என் ஜன்னலுக்கு இல்லை. உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். செம்மொழி சொல்லவில்லை.

நாலாவது வருஷம் வந்தது. கடைசியாக ஒன்று மட்டும் பாக்கி. சொந்த மாவட்டத்தில் இருநூறு வீடுகளுக்குக் குறையாமல் போய், மனச்சோர்வு எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டு எழுத வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் ஒரு வருஷம் போய்விடும். அம்சம் அப்போதும் நடவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். "மார்ச்சோட எம்பொண்ணு முடிச்சிருது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் மழை வந்தது. சம்பா அறுவடைக்குத் தயாராக நின்ற நேரம். மூன்று நாள் விடாமல் அடித்ததில் கதிர் சாய்ந்து, தண்ணீருக்குள் கிடந்து முளைத்துவிட்டது. கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துப் போட்டுக் காத்திருந்தவர்களின் நெல்லும் நனைந்தது. என் தம்பி பஞ்சநதத்துக்கு இரண்டரை ஏக்கர், மொத்தமும் போய்விட்டது. மழை நின்ற பத்தாம் நாள் செம்மொழி அட்டையில் செருகிய காகிதங்களோடு கீழப்படுகையில் இறங்கினாள். கூட உதவிக்கு இரண்டு சுகாதாரத் தன்னார்வலர்கள், வீடுகளைப் பிரித்துக்கொண்டார்கள்.

மழை முடிந்து அட்டையும் பேனாவுமாக ஒருவர் தெருவில் வந்தால், டெல்டாவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நிவாரணக் கணக்கு. அவள் போன ஒவ்வொரு வீட்டிலும் தெளிவாகப் படித்துச் சொன்னாள், இது படிப்புக்காக, நிவாரணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று. எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், கையெழுத்தும் போட்டார்கள். "தெரியும்மா, நீ வெளியில சொல்லக் கூடாது. நாங்களும் மூச்சு விடமாட்டோம்" என்று அவளுக்குத் தைரியமும் சொன்னார்கள்.

கேள்வி மொத்தம் ஒன்பது. மனசு சோர்வாக இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். முதல் வீட்டில் முதல் கேள்வி முடிவதற்குள் கொல்லையிலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லு!" அடுத்த வீட்டில் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து ஒரு கவரில் போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றுகிறதா என்ற கடைசிக் கேள்விக்கு ஓர் அம்மாள், பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "ஆமாம்மா, ரெண்டு ஏக்கர் போச்சுல்ல, எழுதிக்க" என்றாளாம். இன்னொருத்தி சாயங்காலம் எங்கள் நிலையத்துக்கே நடந்து வந்தாள். காலையில் 'சில நாள்' என்று சொல்லிவிட்டாளாம், அதைத் 'தினமும்' என்று திருத்த வேண்டுமாம்.

எங்கள் ஊர்க்காரர்களைப் பொய்யர்கள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ஒரு பெயர் பட்டியலில் விட்டுப்போனால் அதற்காக எத்தனை நாள் அலைய வேண்டும் என்பது அலைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மார்ச் முதல் வாரம் செம்மொழி கணினியில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "சார், இந்தக் கணக்குப்படி கீழப்படுகையில நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்குக் கடுமையான மனச்சோர்வு." நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவளுடைய பேராசிரியைக்குப் போன் போட்டபோது ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "அத அப்படியே தூக்கிப் போடும்மா. மழை பாதிக்காத ஊருக்குப் போ. பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பு ஊரு எதாவது பாரு. நாலு வாரம் இருக்கு, தாராளமா முடிச்சுரலாம்."

நியாயமான பேச்சு. "நாளைக்கே கெளம்பு" என்று நானும் சொன்னேன். அவள் காகிதக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இருநூத்துப் பதினாலு பேருல இருநூத்து மூணு பேரு கடைசிக் கேள்விக்கு ஆமான்னு சொல்லியிருக்காங்க சார்."

"நிவாரணத்துக்காகச் சொன்னாங்க."

"அதுல ஒருத்தரு நிஜமா சொல்லியிருந்தா? நான் கேட்டேன், அவரும் வாயத் தொறந்து சொல்லிட்டாரு. நான் பேப்பரக் குப்பையில போட்டுட்டு வேற ஊருக்குப் போயிட்டேன்னு ஆயிடும்ல?"

இருநூற்று மூன்று வீட்டுக்கும் திரும்பப் போகப்போவதாகச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. "ஒரு வருஷம் போயிரும். ஒங்கம்மா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கு. ஒரு ஆளு இருக்காங்கறதே நிச்சயமில்ல, இல்லாத ஆளத் தேடி நீ தெருத்தெருவா அலையப் போறியா?" என்று கூச்சல் போட்டேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் காலை அவள் பேராவூரணி பஸ் ஏறவில்லை.

வார்டில் விடுப்புக் கேட்டுக்கொண்டு பதினொரு நாள் அலைந்தாள். இந்தத் தடவை அட்டை இல்லை, பேனா இல்லை, பையும் இல்லை. தார் ரோட்டில் நனைந்த நெல்லைக் காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தவர்களோடு தானும் துழாவினாள். கொள்முதல் நிலையத்துச் சாக்கு அடுக்குகளின் மேல் உட்கார்ந்து பேசினாள். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை என்றவுடன் ஜனங்கள் நிஜத்தைப் பேசினார்கள். கிட்டத்தட்ட எல்லோரும், "அத விடும்மா, அது நிவாரணத்துக்குச் சொன்னது" என்று சிரித்தார்கள். நாலு பேர் சிரிக்கவில்லை. அந்த நாலு பேரையும் அவள் ஒவ்வொருவராக எங்கள் டாக்டரிடம் கூட்டிவந்தாள். அந்தச் சீட்டுகளுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. அதில் ஒருத்தி தினமும் என்னோடு வாயாடுகிறவள்.

பன்னிரண்டாம் நாள் பகல் பதினோரு மணி இருக்கும். செம்மொழி என் ஜன்னலுக்கு உள்பக்கம் வந்து நின்றாள். முகம் கறுத்து இளைத்திருந்தது.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"இருநூத்து மூணும் முடிஞ்சுது சார். மிச்சம் பதினொண்ணு. அவங்க கடைசிக் கேள்விக்கு இல்லன்னு சொன்னவங்க. அதுல ஒருத்தரு ஒம்பதுக்கும் இல்லன்னு சொல்லியிருக்காரு. மொத்த மார்க் பூஜ்யம்."

"ஊர்லயே சௌக்கியமான ஆளு அவன்தான்."

"அப்படித்தான் நானும் தனியா எடுத்து வச்சிட்டேன்" என்றவள் என் கையைப் பார்த்தாள். "வாட்ச் புதுசா சார்?"

எனக்குப் பெருமை. "என் தம்பி குடுத்தான். அவன் மகன் ராம்கி சிங்கப்பூர்லேர்ந்து வாங்கிட்டு வந்தது. நீயே கட்டிக்கண்ணேன்னு கழட்டிக் குடுத்துட்டான்."

"ஏன் குடுத்தாரு?"

"ஏன்னா? மனுஷன் பக்குவமாயிட்டான். முந்தியெல்லாம் ஒரு கூடை எருவுக்கு எங்கிட்ட மல்லுக்கு நிப்பான். இப்ப பம்புசெட்டக் கலந்தர் பாய் வயலுக்குக் குடுத்துட்டான். எடுத்து வச்சிருந்த வெதநெல்லையும் பக்கத்து வயக்காரனுக்குக் குடுத்துட்டான். இத்தன பயிரு போயும் ஒரு வார்த்த பொலம்பல. கோவமே வர்றதில்ல. கேட்டா, எனக்கு எதுவும் வேணாம்ணேங்கிறான்."

அவள் உள்ளே போய்ப் பெயர்ப் பட்டியலை எடுத்து வந்து விரலை ஓட்டினாள். விரல் நின்ற பெயர் தன்னார்வலர் ஒருவர் போய் எழுதிவந்தது, அவள் அந்த வீட்டுக்குப் போகவில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி இருந்தது: எதுவும் வேண்டாம் என்கிறார். அந்தப் பூஜ்யம் யார் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்பது அவர்கள் விதி. ஆனால் விரல் நின்ற இடத்தை நான் பார்த்துவிட்டேன். ஊரே ஆமாம் ஆமாம் என்று கை நீட்டும்போது, இரண்டரை ஏக்கர் போன ஒருவன் மட்டும் எனக்கு எதுவும் வேண்டாம் என்றிருக்கிறான்.

"சார், உங்க தம்பி வீட்டுக்குப் போலாமா? இப்பவே" என்றாள்.

வரிசையில் பதினைந்து பேருக்கு மேல் நின்றார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் வேலை நேரத்தில் ஜன்னலைச் சாத்தினேன். வெளியே திட்டினார்கள். அம்சத்தின் மகள் ஸ்கூட்டியை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஊருக்குள் போனேன். தெரு முழுக்கப் பார்த்தது. அன்றைக்கு அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை.

பஞ்சநதம் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். சட்டை போட்டு, தலை வாரி, சுத்தமாக இருந்தான். "வாங்கண்ணே" என்று எழுந்தான். அவன் மனைவி ஆனந்தவல்லி எனக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டாள். செம்மொழியைப் பார்த்ததும் ஒரு கணம் கை தயங்கியது. "இருக்கட்டும்க்கா" என்று செம்மொழி கதவோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்து, பஞ்சநதத்துக்கு எதிரே போட்டுக்கொண்டாள்.

"நிவாரணம்னா எனக்கு வேணாம்மா. இல்லாதவங்களுக்குக் குடுங்க" என்றான் அவன்.

"நிவாரணத்துக்கு வரல சார்" என்றாள். என் தம்பியைப் பிறந்ததிலிருந்து ஒருவரும் சார் என்று கூப்பிட்டதில்லை. "ஊர்ல எல்லாரும் ஏதாவது ஒண்ணு வேணும்னு சொன்னாங்க. நீங்க மட்டும்தான் ஒண்ணும் வேணாம்னு சொன்னீங்க. அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவன் சிரித்தான். "என்ன வேணும் எனக்கு?"

"உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா சார்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு சம்சாரி வீட்டில் நட்ட நடுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படியா ஒருத்தி கேட்பாள்? இல்லாததை இவளே வாயில் எடுத்துக் கொடுக்கிறாளே என்று பேச வாயெடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலேயே கையை மட்டும் லேசாக உயர்த்தினாள். நான் அடங்கினேன்.

பஞ்சநதம் மழை எப்போது நின்றது என்று சொல்கிற குரலில் சொன்னான்: "ராம்கி அடுத்த வாரம் லீவுல வர்றான்மா. அவன் வந்து என்னப் பாத்துட்டுப் போற வரைக்கும்தான்னு இருக்கேன்."

ஆனந்தவல்லி அடுக்களை வாசலிலிருந்து வந்து அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவன் கொடுத்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஊரில் எல்லோர் உடம்பும் எனக்கு அத்துப்படி என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். என் தம்பி விடைபெற்றுக்கொண்டிருந்ததை நான் பக்குவம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

செம்மொழி அழவில்லை, அறிவுரை சொல்லவில்லை. "எப்பலேர்ந்து சார்?" என்று மட்டும் கேட்டாள், அந்த வலி மாத்திரைப் பெண்மணியிடம் கேட்ட மாதிரியே. இரண்டு மணி நேரம் அவன் பேசினான். காரணம் மழை மட்டும் இல்லை. ஒன்றைத் தொட்டுச் சொல்ல முடியாதபடி எத்தனையோ சேர்ந்திருந்தது. "வயலப் பாத்தா என் வயலாத் தெரியலம்மா, யாரோ ஒருத்தரு வயலாட்டம் இருக்கு" என்றான். அவனைத் தனியே விடாமல் இருப்பது ஆனந்தவல்லியின் வேலை, வீட்டிலும் கொட்டகையிலும் இருக்கக் கூடாததையெல்லாம் அப்புறப்படுத்துவது என் வேலை என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே ஒரு காரை வரவழைத்துத் தஞ்சாவூரில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். ராம்கிக்கும் அவளே போன் செய்தாள். அவன் நாலு நாள் முன்னதாக வந்து இரண்டு மாதம் இருந்தான்.

மார்ச் முப்பத்தொன்று போனது. அன்று செம்மொழி பல்கலைக்கழகத்தில் இல்லை. பஞ்சநதத்தை அழைத்துக்கொண்டு எங்கள் நிலையத்தில் இருந்தாள்.

அந்த வாரம் அம்சம் என் ஜன்னலுக்கு வந்தாள். பெண்ணின் ஒரு வருஷத்தை உங்கள் குடும்பம் விழுங்கிவிட்டது என்று கேட்டுவிடுவாளோ என்று, மாத்திரை எண்ணுவதைப் போல நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஒரு வருசம்தானுங்க, போனாப் போவுது. அது படிச்சுக்கும். தம்பி நல்லாருக்காங்களா?" என்றாள். நல்லா இருக்கான் என்று தலையாட்டினேன்.

நல்லா இருக்கான் என்பதும் உடனே நடந்துவிடவில்லை. ஒரு வாரத்துக்கு வேண்டிய மாத்திரை மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. நானே எண்ணிக் கொடுப்பேன். செவ்வாய்க்கிழமை அவளோடு உட்கார்ந்து பேசுவான். ஆடி மாதத்தில் மறுபடி படுத்துவிட்டான், குளிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. எல்லாம் வீண் என்று நான் அவளிடம் எரிந்து விழுந்தேன். "கால் ஒடிஞ்சா நாலு நாள்ல நடப்பாங்களா சார்?" என்று கேட்டுவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள். தீபாவளிக்குப் பிறகு ஒருநாள் அவன் ஆனந்தவல்லியிடம் குழம்பில் உப்பு இல்லை என்று சண்டை போட்டானாம். அவள் ஓடிவந்து என்னிடம் அதைச் சந்தோஷமாகச் சொன்னாள்.

செம்மொழி தன் ஆய்வை முதலிலிருந்து எழுதினாள். பேராவூரணிக்குப் போகவில்லை. தான் செய்த தவறையே ஆய்வாக்கினாள். மழைக்குப் பின் எங்கள் பக்கத்தில் காகிதத்தை நீட்டிக் கேட்டால் என்ன பதில் வரும், எப்படிக் கேட்டால் நிஜம் வரும் என்று இரண்டு படிப்பையும் சேர்த்து எழுதினாள். அதோடு ஒரு காரியமும் செய்தாள். அடுத்த தை மாதம் மறுபடி மழை அடித்தபோது, எங்கள் நிலையத்தைச் சேர்ந்த பதினோரு ஊர்களிலும் நிவாரணம் கேட்டு எழுதிக் கொடுத்தவர்களை விட்டுவிட்டு, பயிர் போயும் எழுதிக் கொடுக்காதவர்கள் யார் என்று பட்டியல் எடுத்தாள். மொத்தம் ஒன்பது பெயர். ஐந்து பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். மூன்று பேருக்கு மனுக் கொடுக்கும் கடைசித் தேதி தெரியவில்லை. ஒருவர் வீட்டில் அவள் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அவர் பெயரை நான் சொல்லமாட்டேன். இப்போது அவருக்கும் நான்தான் மாத்திரை எண்ணிக் கொடுக்கிறேன். மழை பெய்தால் அந்தப் பட்டியலை எடுப்பது எங்கள் நிலையத்தில் வழக்கமாகிவிட்டது.

ஒருத்தரிடம் பேச ஒரு படிப்பு, வராதவரைத் தேட ஒரு படிப்பு என்று முதல் நாள் அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. என் தம்பியைக் கண்டுபிடிக்க இரண்டும் வேண்டியிருந்தது.

இந்த ஜூனில் அவளுக்கு இரண்டு பட்டமும் கிடைத்தது. மாவட்ட அளவில் வேலையும் கிடைத்தது. கடைசி நாளன்று கும்பகோணத்திலிருந்து ஒரு பெட்டி இனிப்பு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டிக் குடமுருட்டிக்கு வந்திருந்த வாரம் அது. ஜன்னலில் நல்ல கூட்டம். வரிசையில் ஏழாவது ஆளாகப் பஞ்சநதம் நின்றான், முழங்கால் வரை சேறு. அண்ணன் என்பதற்காக அவனை முன்னால் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை, அவனும் வரவில்லை. அவன் முறை வந்தது.

"மாத்திரை இருக்கட்டும்ணே. என் வாட்ச்சக் குடு."

"என்னது?"

"வாட்ச்சுண்ணே. என் புள்ள வாங்கிக் குடுத்தது. கழட்டு."

"குடுத்தத திருப்பிக் கேக்கறியே, வெக்கமா இல்ல ஒனக்கு?"

"என்ன வெக்கம்? நாத்து விட்டிருக்கேன். மொறத் தண்ணி எத்தன மணிக்கு நம்ம மடைக்கு வருதுன்னு பாக்க வேணாமா?"

"செல்போன்ல பாரு!"

"சேத்துல நின்னுக்கிட்டு செல்போன எங்கேர்ந்து எடுக்கறது? கழட்டுண்ணே, பின்னாடி ஆளு நிக்குது."

நான் கொக்கியைக் கழற்றி வாட்ச்சை ஜன்னல் வழியாக நீட்டினேன். சத்தம் கேட்டு செம்மொழி தன் அறை வாசலில் வந்து நின்றாள். பஞ்சநதம் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தான். "ஏம்மா, எதுவும் வேணாம்னு அன்னிக்கு ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போனாங்கல்ல. அது இருந்தா அடிச்சிட்டு மாத்தி எழுதிக்க. எனக்கு என் வாட்ச் வேணும்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு, மணி பார்த்து, மாத்திரையையும் வாங்கிக்கொண்டு வேகமாகப் போனான்.

என் மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு தடம் இருந்தது. வரிசையில் அடுத்து நின்றவர் சீட்டை நீட்டாமல் வெறும் கையை நீட்டினார். நான் கத்தவில்லை.